நான்காம் தடுப்பின் பலகைகள்

ஜனவரி 7

புது வருடத்துக்குப் புது நோட்டு. அலுவலகப் புத்தகம் வேறு, அதில் எண்கள் மட்டும். இது எனக்கு.

இன்று பதினாறு குழாயும் அளந்தேன். காலை ஏழரைக்குக் காட்டுக்குள் நுழைந்தால் முடிக்கப் பகல் ஒரு மணி ஆகிவிடுகிறது. கறுப்பு மண்ணுக்குள் இறக்கியிருக்கும் பிளாஸ்டிக் குழாயில் அளவு நாடாவை விட்டு, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். எண் சின்னதாக இருந்தால் காடு நன்றாக இருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் உடனே அலுவலகத்து யாமினி மிஸ்ஸுக்குப் போன் செய்ய வேண்டும். இன்று எல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று. டிசம்பர் மழை அப்படி.

தோட்டத்தில் பதினைந்து வருடம் மருந்து அடிக்கும் தோம்பு சுமந்த தோளுக்கு இந்த வேலை பெரிதில்லை. பாம்புதான் பயம். அதற்கும் சேனின் இருக்கிறார். காட்டு ஓரத்துப் பூர்வகுடிக் கிராமத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். படகு ஓட்டுவது, நட்ட மரக்கன்றுகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அண்ணன் என்ற பொருளில் நான் அவரை 'பாங்' என்பேன், அவர் என்னைப் பெயர் சொல்லித் தவமணி என்பார். மலாயில்தான் பேசிக்கொள்வோம்.

ஜனவரி 10

அண்ணனின் ஐந்து ஏக்கர் செம்பனை, எண்ணெய் எடுக்கும் மரம், தண்ணீரில் நிற்கிறது. தோட்டம் மூடியபோது கிடைத்த பணத்தைப் போட்டு வாங்கிய நிலம். காட்டு எல்லையை ஒட்டி, நான்காம் தடுப்புக்கு மேல்பக்கம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் மரம் வெட்டியவர்கள் கட்டைகளை மிதக்கவிடக் காட்டுக்குள் பாரிட் தோண்டினார்கள். இங்கே கால்வாய்க்கு அதுதான் பெயர். அவற்றின் வழியாகத்தான் காட்டுத் தண்ணீர் இத்தனை வருடமாக வடிந்துபோனது. இப்போது குறுக்கே மரத் தடுப்பு போட்டு அடைத்திருக்கிறோம். தடுப்பின் நடுவில் ஒரு வாய். அதில் பலகை செருகினால் தண்ணீர் ஏறும், உருவினால் இறங்கும்.

சாப்பிடும்போது அண்ணன் ஆரம்பித்தார்.

"கால் வைக்க முடியலம்மா. வெட்டுன குலைய எப்படி வெளிய கொண்டாறது? மரமெல்லாம் சாயுது. நீயே வந்து பாரு."

"மழை நின்னா இறங்கிரும்ணே."

"மழையா காரணம்? உங்க தடுப்புதான் காரணம். மேல உள்ள மூணு பலகைய எடுத்தா ஒரு வாரத்துல வடிஞ்சிரும். நீதானே அந்த வழியா போற, வர்ற."

அஞ்சலை அண்ணி என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். என் வீட்டுக்காரர் லோரி விபத்தில் போனபின் பதினோரு வருடமாக இந்த வீட்டில்தான் சாப்பிடுகிறேன். ஒரு நாளும் அண்ணி முகம் கோணியதில்லை.

ஜனவரி 12

யாமினி மிஸ் வந்திருந்தார். ஈப்போ பெண், முப்பது வயதுகூட இருக்காது. இந்தக் காட்டுக்குத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவரும் திட்டத்துக்கு இங்கே அவர்தான் பொறுப்பு. அண்ணன் நிலத்தைப் பற்றிக் கேட்டேன்.

"மேல எழுதிப் போடறேன்க்கா. அவங்க வந்து பார்க்க ஒரு மாசம் ஆகும். நாமளா எதையும் எடுக்கக் கூடாது. இப்ப தேங்குற தண்ணிதான் மார்ச் வரைக்கும் தாங்கணும். இது என்ன மண்ணு? எல்லாம் மக்காம கெடக்குற இலையும் வேரும்தானே. தண்ணி இறங்கிட்டா மண்ணில்லைக்கா, விறகு."

அண்ணனிடம் ஒரு மாதம் என்றேன். அவர் எழுந்து போனார்.

ஜனவரி 16

நேற்றுப் பொங்கல். அண்ணி எனக்குப் பச்சைச் சேலை எடுத்துக்கொடுத்தார்.

இன்று நான்காம் தடுப்பில் மேல் பலகை மூன்றும் கழன்றிருந்தன. தண்ணீரின் வேகம். கரையில் கிடந்தன. சேனினிடம் சொல்லிச் செருக வேண்டும். உள்ளங்கையில் சிராய்ப்பு, மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

ஜனவரி 17

சேனின் தெற்குப் பக்கம் போய்விட்டார். சொல்ல முடியவில்லை.

ஜனவரி 20

அண்ணன் நிலத்தில் பாதை தெரிகிறது. இன்று குலை வெட்டினார்கள். வீட்டில் கோழிக்கறி. "தங்கச்சின்னா இப்படி இருக்கணும்லா" என்று அண்ணன் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எதைப் பற்றிச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஜனவரி 24

ஒன்பதிலிருந்து பதினான்கு வரை ஆறு குழாய்கள் நான்காம் தடுப்பைச் சார்ந்தவை. இன்றைய அளவு: 31, 33, 34, 32, 30, 27.

அலுவலகப் புத்தகத்தில் 15, 16, 16, 15, 14, 14 என்று எழுதினேன். மற்ற குழாய்கள் அப்படித்தான் இருக்கின்றன. பலகையைச் செருகிவிட்டால் இவையும் ஒரு வாரத்தில் அங்கே வந்துவிடும். அதற்குள் எல்லாரையும் எதற்கு அலைக்கழிப்பது?

பிப்ரவரி 1

மழை இல்லை. பதினொன்றாம் குழாயில் 43. எழுதியது 18.

பிப்ரவரி 6

பலகையைச் செருகப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"இப்பதான்மா உரம் போட்டிருக்கேன். தண்ணி ஏறுனா எல்லாம் போச்சு. பத்து நாள் பொறு."

பத்து நாள்தானே.

பிப்ரவரி 14

பதினொன்றில் 55. எழுதியது 21. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான் எழுதுகிறேன். வெயில் காலத்தில் ஒரே எண் இருந்தால் சந்தேகம் வரும்.

நடக்கும்போது தரை முன்போல் அமுங்கவில்லை. பொரித்த அப்பளத்தில் கால் வைப்பதுபோல் நொறுங்குகிறது.

பிப்ரவரி 21

இன்று பலகையைச் செருகவே போனேன். ஒன்றைக் காணோம். இருந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு தடுப்பில் ஏறி நின்று பார்த்தால், பாரிட்டில் தண்ணீர் அந்த வாய்க்கு எங்கோ கீழே கிடந்தது. மூடினால் எதைத் தேக்குவது? இரண்டையும் புதர் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

தடுப்பின் வாயில் ரோத்தான் பிரம்பில் பின்னிய மீன் பிடிக்கும் கூடு ஒன்று காய்ந்து கிடந்தது. சேனினுடையது. அப்படியென்றால் அவர் அந்த வழியாக வந்திருக்கிறார். பலகை இல்லாததைப் பார்த்தும் என்னிடம் எதுவும் கேட்கவில்லையே.

பிப்ரவரி 27

உடம்பெல்லாம் வலி. நேற்று ஜுரத்தோடு போய் அளந்தேன். எல்லாக் குழாயும் பார்க்கவில்லை. பதினொன்றுக்கு 24 என்று எழுதினேன்.

மார்ச் 5

டிங்கிக் காய்ச்சல். ஐந்து நாளாகப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கையில் ஊசி ஏற்றியிருப்பதால் எழுத்து கோணுகிறது. அண்ணி இரண்டு வேளையும் கஞ்சி கொண்டுவருகிறார்.

என் குழாய்களை சேனின் அளக்கிறார். காலையில் யாமினி மிஸ் போன் செய்தார்.

"உடம்பு எப்படிக்கா இருக்கு? ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். பதினொன்னாம் குழாய்ல எழுபத்தொண்ணுன்னு சேனின் சொல்றாரு. போன வாரம் நீங்க இருபத்து நாலு எழுதியிருக்கீங்க. அவருக்கு நாடா பார்க்கத் தெரியலையோ?"

மருந்து மயக்கம் என்று எழுதலாம். மயக்கம் இல்லை, எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"இருக்கலாம் மிஸ்" என்றேன்.

மார்ச் 9

வீட்டுக்கு வந்துவிட்டேன். மத்தியானம் மூன்று மணிக்குக் காட்டுப் பக்கம் புகை. பதினொன்றாம் குழாய்ப் பக்கம் என்கிறார்கள். யார் வைத்த நெருப்பு என்று தெரியவில்லை. ஒரு சிகரெட் துண்டு போதும்.

மார்ச் 12

நெருப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதுதான் பயங்கரம். மண்ணுக்குள்ளேயே எரிந்து போகிறது. நின்றுகொண்டிருக்கும் மரம் சத்தமில்லாமல் சாய்கிறது, கீழே வேர் சாம்பலாகியிருக்கிறது. தீயணைக்க வந்த பொம்பாக்காரர்கள் குழாயைத் தரைக்குள் செருகித் தண்ணீர் அடிக்கிறார்கள். ஓர் இடத்தில் அணைந்தால் இருபதடி தள்ளிப் புகைகிறது.

பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அண்ணி வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டு சமைக்கிறார். அண்ணன் நிலத்தில் எல்லை ஓரமாக இரண்டு வரிசை மரம் கருகிவிட்டது. அவர் யாரையும் திட்டவில்லை. அதுவே வித்தியாசமாக இருக்கிறது.

போன வருடம் சேனின் நட்ட கன்றுகள் மூவாயிரமும் போய்விட்டன.

மார்ச் 16

நெருப்பு முழுக்க அணையவில்லை. அதற்குள் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். எங்கள் பக்கம் யாமினி மிஸ், சேனின், நான். மேசை மேல் என் அலுவலகப் புத்தகம் விரித்துக் கிடந்தது.

கண்ணாடி போட்டவர் வாசித்தார். பிப்ரவரி இருபத்தாறு வரை எல்லாம் ஒழுங்கு. இருபத்து நான்கு. அடுத்த வாரம் எழுபத்தொன்று. ஒரே வாரத்தில் இவ்வளவு இறங்க வேண்டுமென்றால் யாரோ தடுப்பைத் திறந்திருக்க வேண்டும். நான்காம் தடுப்பில் மூன்று பலகை இல்லை. வாயில் மீன் கூடு இருக்கிறது. அந்த வாரம் அங்கே போன ஒரே ஆள் யார்?

"கூடு என்னுடையது. பலகையை நான் தொடவில்லை" என்றார் சேனின்.

"பிறகு யார் தொட்டது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து அழகாக இருந்தது. ஓர் அடித்தல்கூட இல்லை.

சேனினை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். இனி அவர் இந்தக் காட்டுக்குள் நுழையக் கூடாது. மீனுக்குக்கூட. ரோத்தானுக்குக்கூட.

மார்ச் 17

ஜனவரி 16 அன்று இந்த நோட்டில் எழுதியது பொய்.

பலகை தானாகக் கழலவில்லை. நான்தான் முட்டியளவு தண்ணீரில் நின்று மூன்றையும் உருவினேன். முதல் பலகை ஊறி இறுகியிருந்தது, கத்தியால் நெம்பினேன். கை கிழிந்தது அதில்தான். மூன்றாவது பலகையை எடுத்ததும் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அண்ணன் முகம் மாறும் என்று சந்தோஷமாக இருந்தது.

யாரும் படிக்காத நோட்டில் எதற்குப் பொய் எழுதினேன் என்று தெரியவில்லை. எழுதியதைத் திரும்பப் படித்தபோது நானே கொஞ்சம் நம்பிவிட்டேன்.

என் புத்தகத்தில் உண்மையான எண்கள் இருந்திருந்தால் பிப்ரவரி முதல் வாரத்திலேயே மிஸ் ஓடிவந்திருப்பார். நெருப்பே பிடித்திருக்காது. பிடித்தாலும் சேனின் மேல் பழி விழுந்திருக்காது. அவர் எழுதிய ஒரே உண்மையான எண்தான் அவரைக் கெடுத்தது.

மார்ச் 18

அண்ணனிடம் சொன்னேன், நான் போய் ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று.

"பைத்தியமா உனக்கு? உன் வேலை போகும். அப்புறம் எதுக்கு எடுத்தேன்னு கேப்பாங்க. என் பேரைச் சொல்லுவ. என் நிலத்துல கை வைப்பாங்க."

"அந்த மனுசன் என்னாண்ணே செய்வாரு?"

"காட்டு ஆளு. எப்படியும் பொழைச்சுக்குவான். வாய மூடிக்கிட்டு இரு."

அண்ணி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். ஆனால் வெளியே வரவில்லை.

மார்ச் 23

இன்றும் சொல்லவில்லை. கரி பிடித்த ஆறு குழாயையும் மாற்றினோம். துணி துவைத்தேன்.

மார்ச் 26

யாமினி மிஸ் அழுதார். "அவர் எழுபத்தொண்ணுன்னு சொன்னப்பவே நான் நேர்ல போயிருக்கணும்க்கா. நாலு நாள் இருந்துச்சு. போகாம விட்டுட்டேன்." அவரைத் தேற்றினேன். உங்கள் தப்பு இல்லை மிஸ் என்று முதுகைத் தடவினேன். இந்தக் கையால்.

மார்ச் 29

சீனர் கடையில் சேனினைப் பார்த்தேன். சார்டின் டின் வாங்கிக்கொண்டிருந்தார். இதே கடைக்கு விராலும் கெளுத்தியும் கொண்டுவந்து போடுகிறவர்.

ஒளிந்துகொள்ள நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"காய்ச்சல் போயிடுச்சா தவமணி?"

"போயிடுச்சு பாங்."

"இன்னும் மெலிவா இருக்க. நல்லா சாப்பிடு."

நான் வாங்க வந்தது எது என்று மறந்துபோய் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 2

சொல்லிவிட்டேன்.

காலை எட்டரைக்கு அலுவலகம் போனேன். மிஸ் பசியாறிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. பலகையை உருவியது, ஐந்து வாரம் எண்களை மாற்றியது, சேனினுக்கு நாடா பார்க்கத் தெரியாமல் இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அண்ணன் பெயரையும் சொன்னேன்.

மிஸ் ரொட்டியைத் தட்டில் வைத்தார். பிறகு அலுவலகப் புத்தகத்தையும் சிவப்புப் பேனாவையும் என் முன்னால் நகர்த்தினார்.

"எதெல்லாம் பொய்யோ, எல்லாத்தையும் வட்டம் போடுங்க."

அக்கா என்று சொல்லவில்லை.

வட்டம் போட்டேன். பிப்ரவரிப் பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. சரியான எண் எங்காவது இருக்கிறதா என்றார். எல்லாம் இல்லை, கொஞ்சம் வீட்டு நோட்டில் இருக்கிறது என்றேன்.

"அப்ப உங்களுக்கு உண்மை தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

"ஆமா மிஸ்."

"நான் நம்பி, தேதி போட்டு மேல அனுப்புன நம்பர் எல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "நீங்க போங்க. நாளைலருந்து வர வேணாம்."

ஏப்ரல் 4

சேனினைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். என் வாயாலும் சொல்ல வேண்டும் என்று மோட்டர்சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் கிராமத்துக்குப் போனேன்.

வீட்டு வாசலில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். கேட்டுக்கொண்டே இரண்டு முடிச்சுப் போட்டார்.

"தெரியும்" என்றார்.

"மிஸ் சொன்னாங்களா?"

"இல்ல. அன்னைக்கே தெரியும். படகை மர நிழல்ல கட்டியிருந்தேன். நீ கத்திய வச்சு நெம்புனதப் பார்த்தேன்."

வாசல் கட்டையில் உட்கார்ந்தேன்.

"அப்பவே ஏன் கேக்கல பாங்?"

"உங்க அண்ணன் நிலத்துல தண்ணி நின்னது எனக்கும் தெரியும். ரெண்டு நாள்ல நீயே திரும்பச் செருகிடுவேன்னு நெனச்சேன். வாய் தெறந்து கெடந்துச்சு, மீன் ஓடுச்சு. நானும் கூடு வச்சேன். அது என் தப்பு."

"அந்த மூணு பேரு கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே."

அப்போதுதான் வலையைக் கீழே வைத்தார்.

"நான் சொல்லி யாரு நம்புவா? அவங்க முன்னால உன் புத்தகம் இருந்துச்சு. ஆனா நீயும் அங்கதானே உட்கார்ந்திருந்த. நீ சொல்லிடுவேன்னு உன்னையே பார்த்துக்கிட்டு இருந்தேன்."

மன்னிப்பு என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா, தெரியவில்லை. உள்ளே அவர் மனைவி புகையில் பிடித்த இருமலோடு யாரையோ கூப்பிட்டார். அவர் எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 11

அண்ணன் ஒன்பது நாளாக என்னோடு பேசவில்லை. நிலத்தை யாரும் பிடுங்கவில்லை, ஆனால் அலுவலகத்திலிருந்து இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். இன்று காலை சுவரைப் பார்த்து, "சோறு போட்ட வீட்டக் காட்டிக் கொடுத்துட்டா" என்றார்.

சந்தைப் பக்கம் ஓர் அறை பார்த்துவிட்டேன். துணியைக் கட்டும்போது அண்ணி பச்சைச் சேலையைக் கொண்டுவந்து மூட்டையில் வைத்தார்.

"அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன். சொல்லிருன்னு நானாவது சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 19

மழை. மூன்று மணி நேரம் அடித்தது. ஊரே வெளியே வந்து நின்றது. எரிந்த பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பியது.

ஏப்ரல் 27

உணவுக்கடையில் பாத்திரம் கழுவும் வேலை. கறுப்பு மண் நகத்தை விட்டுப் போய்விட்டது.

மே 5

எரிந்த இடத்தில் கன்று நட ஊர் மக்களைக் கூப்பிட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கடைச் சுவரில் ஒட்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் என்பதில் நானும் உண்டா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனேன்.

யாமினி மிஸ் பார்த்தார். போகச் சொல்லவில்லை. கன்றுகள் இருந்த தட்டைக் காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தரை ஒரு முழம் இறங்கியிருக்கிறது. எரிந்து போனது அவ்வளவு மண். முன்பு இடுப்பு உயரத்துக்கு இருந்த வேர்கள் இப்போது தோளுக்கு நிற்கின்றன. நாற்பது கன்று நட்டேன். ஒருவரும் என் பக்கத்தில் வரவில்லை, நானும் போகவில்லை.

பதினொரு மணி இருக்கும். சேனின் அலுவலகப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குழாய்களைப் பார்த்து வந்தார். என் இடத்தில் இன்னும் ஆள் போடவில்லையாம், இரண்டு வேலையும் அவரே பார்க்கிறார். புதிதாக இறக்கிய பதினொன்றாம் குழாய் நான் நட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு ஐந்தடி தள்ளி இருந்தது. அவர் குனிந்து நாடாவை விட்டார். நிமிர்ந்தபோது முட்டியைப் பிடித்துக்கொண்டார். மறுபடி குனியவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தபடி நின்றார்.

"வா. நீ அள. நான் எழுதறேன்."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனேன். நாடாவை இறக்கினேன். தண்ணீரைத் தொட்டதும் வரும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. குழாயின் விளிம்பில் விரலால் பிடித்து வெளியே எடுத்துப் படித்தேன்.

"முப்பத்தாறு பாங்."

அவர் எழுதவில்லை. என் விரலை நகர்த்தாமல் நாடாவைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு எழுதினார்.